பெரட்டு மணியும் கடலாடு நாளும்

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்க்கு ஓய்வு நாள் ஒன்று இருந்தது. முழுமதி நாளன்று அவர்கள் மீன்பிடிக்கக் கடலுக்குள் செல்வதில்லை. சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டு, தாழை மலர் சூடி, கள்ளுண்டு, தம் மகளிரோடு விளையாடினர். கடலில் நீராடிய பின் உப்புப் போக ஆற்றுநீரிலும் ஆடினர். நண்டுகளை ஆட்டியும் மணலில் பாவை செய்தும் பொழுது போக்கினர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் தீட்டியுள்ள இக்காட்சியைத் தமிழாசிரியர் எவரும் மறவார். அதே நகரத்தில், பிற்காலத்தே இளங்கோவடிகள் காட்டும் இன்னொரு நாளும் உண்டு. இந்திர விழா முடிவுற்றதும் நகர மாந்தர் கடலாடச் செல்கின்றனர். கோவலன் அத்திரியின் மீதும் மாதவி வண்டியிலும் ஏறி, விடியற்பொழுதில் கடற்கரையை அடைகின்றனர். புன்னை நிழலில் திரை வளைத்து, யாழ் மீட்டிக் கானல்வரி பாடுகின்றனர். இன்பம் நாடிச் சென்ற அந்நாளே இருவரையும் பிரித்த நாளுமாயிற்று.

இவ்விரு நாட்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு நுட்பமானது. பரதவர் கடலிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கோவலனும் மாதவியும் ஓய்வு பெறுவதற்காகக் கடலை நாடி வந்தவர்கள். முன்னவர்க்குக் கடல் தொழிற்களம்; பின்னவர்க்கு விளையாட்டுக் களம். ஒரு மீனவர் குப்பம் உல்லாசக் கடற்கரையாக மாறிய வரலாறு உலகில் எங்கெங்கு நிகழ்ந்ததோ அங்கெல்லாம் இவ்விரு கூட்டத்தாரும் ஒரே மணலில் எதிர்ப்பட்டிருக்கின்றனர். ஆனால் இவர்களோடு சேராத மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. கடலுக்கு அண்மையிலே வாழ்ந்தும், கடலைக் காண நாளில்லாதிருந்தவர்கள் அவர்கள். நெகிரி செம்பிலானின் ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் முன்னைய தலைமுறைகள் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. போர்ட்டிக்சன் கடற்கரையின் வரலாற்றை அவர்களின் பக்கமிருந்து காண்பதே முறையாகும்.

மேனாட்டில் இம்மாற்றம் முதலில் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன். மீன்பிடித் தொழில் நலிந்து கிடந்த அச்சிற்றூருக்கு 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்வளித்தவர் ஒரு மருத்துவர். ரிச்சர்ட் ரசல் என்னும் அவர், கடல்நீரில் குளிப்பதும் அதனைப் பருகுவதுங்கூட நோய் தீர்க்கும் என்று எழுதினார். செல்வர்கள் திரண்டனர். இளவரசரும் அங்கு மாளிகை கட்டினார். 1841இல் இலண்டனிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. 1871இல் பிரித்தானிய நாடாளுமன்றம் வங்கி விடுமுறைச் சட்டத்தை இயற்றியது. அதன் பின்னர் ஆலைத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் ஒரு நாட்பயணமாகக் கடற்கரைக்கு வரலாயினர். பிரான்சு நாட்டுத் தொழிலாளர் இரு வார ஊதிய விடுமுறை பெற்றது 1936இல். அவ்வாண்டுக் கோடையில்தான் அவர்களுட் பலர் வாழ்நாளிலேயே முதன்முறையாகக் கடலைக் கண்டனர். கடலின் அழகு என்றும் உள்ளதே. அதனை விடுமுறைத் தலமாக்குபவை பாதையும், பாதையில் ஏறுவதற்குக் கிடைக்கும் ஒரு நாளுமாகும்.

கிரேக்க நாட்டின் கரையோரச் சிற்றூர்கள் இவ்வகையில் மிகப் பிந்தியவை. பெலொப்பொனீசு நிலப்பகுதியின் கிழக்குக் கரையில் தோலோ என்றோர் ஊர் உள்ளது. ஓமரின் இலியத்துக் காப்பியம் குறிக்கும் ஆசினி நகரின் இடிபாடுகள் அதன் அருகிலுள்ள குன்றில் இன்றும் காணப்படுகின்றன. ஆயினும் இன்றைய தோலோ பழம்பெருமை வாய்ந்த ஊரன்று. 19ஆம் நூற்றாண்டில் கிரேத்தாத் தீவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர் அமைத்த மீனவர் குடியிருப்பு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பதிற்றாண்டுகளில் வட ஐரோப்பிய மக்களுக்கு நீண்ட விடுமுறையும் மலிவான வானூர்திப் பயணமும் கிட்டின. அதன் பயனாகத் தோலோவும் அதனை ஒத்த ஊர்களும் விடுமுறைத் தலங்களாயின. அங்குச் செல்பவர், கரையில் கயிற்றில் உலரும் சாக்குக் கணவாயையும், நடுப்பகல் உறக்கத்தில் ஆழ்ந்த தெருக்களையும், அலை கால் நனைக்கும் இடத்தில் மேசையிட்ட உணவுக்கூடங்களையும் காண்பர். அவ்வுணவுக்கூடங்களையும் வாடகை அறைகளையும் பெரும்பாலும் நடத்துவோர் பழைய மீனவக் குடும்பத்தினரே என்பது குறிப்பிடத்தக்கது. வலை வீசியவன் விருந்தோம்புபவன் ஆனான். வீடும் மணலும் அவன் கையிலேயே இருந்தன. ஆனால் அங்கும் இழப்பு இல்லாமலில்லை. மீன்வளம் குன்றாதிருக்கப் படகுகளைக் குறைக்க வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை வழங்கியதால், 1990களிலிருந்து ஆயிரக்கணக்கான மரப்படகுகள் இயந்திரங்களால் நொறுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர் செதுக்கிய படகுகள் அவை. தொழிலை விடுவோன் படகையும் உடைத்தாக வேண்டும் என்பது எத்துணைக் கொடிய விதி!

ரந்தாவ் மக்களின் கடற்கரைக்கு வருவோம். 'ரந்தாவ்' என்னும் மலாய்ச் சொல்லே கரையோடு தொடர்புடையது. கரையோரம் அல்லது ஆற்றின் நீண்ட நெடும்பகுதி என்பது அதற்கு ஒரு பொருள். பிறந்த மண்ணுக்கு அப்பால் பிழைப்பு நாடிச் செல்லும் வெளிநிலம் என்பது மற்றொரு பொருள். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் இவ்வாறு ஊர்விட்டு ஊர் செல்வதை 'மெரந்தாவ்' என்பர். அவர்கள் வந்து குடியேறிய வெளிநிலமே நெகிரி செம்பிலான். அம்மக்களுக்குப் பின் கடல் கடந்து வந்த தமிழரும் அப்பெயருடைய ஊரைச் சுற்றியே குடியமர்ந்தது ஒரு வியப்பான பொருத்தம். திரைகடலோடியவர்கள் வந்திறங்கிய வெளிநிலத்திற்கு வேறு எந்தப் பெயர் இத்துணைப் பொருந்தும்? நேர்க்கோட்டில் அளந்தால் ரந்தாவுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான்.

போர்ட்டிக்சன் என்னும் பெயருக்கு வயது அதிகமில்லை. அதற்கு முன் அவ்விடம் 'ஆராங்' என வழங்கியது. ஆராங் என்றால் கரி. அங்குக் கரி சுட்டுப் பிழைத்தனர். அதனை அடுத்த ஊர்ப்பெயர்களும் பழைய தொழில்களையும் நில அமைப்பையும் காத்து வைத்துள்ளன. 'பாகான்' என்றால் படகுத்துறை. எனவே பாகான் பினாங் ஒரு காலத்தில் படகு அணைந்த துறை. 'பாசிர் பாஞ்சாங்' நீண்ட மணல். 'தெலுக்' என்றால் விரிகுடா. விடுதிகளின் விளம்பரப் பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஊர்ப்பெயர்கள் எளிதில் பொய் சொல்வதில்லை. மாணவர்க்கு வரலாறு கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதலில் பேருந்தின் வழிப்பலகையைப் படிக்கச் சொல்லலாம்.

அக்கரையின் பழம்பெருமையெல்லாம் அன்று லுக்குட்டுக்கே உரியதாயிருந்தது. ஈயம் எடுக்கச் சீனர் திரண்ட ஊர் அது. 1834இல் அங்குச் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்ததில் ராஜா பூசு குடும்பத்தோடு கொல்லப்பட்டார். பின்னர் ராஜா ஜுமாட் அவ்வூரைச் சீர்படுத்திக் குன்றின் மேல் 1847இல் கோட்டை எழுப்பினார். 1864இல் அவர் மறைந்தபின் லுக்குட் ஒளி மங்கிற்று. சிலாங்கூருக்கு உரியதாயிருந்த அப்பகுதி 1880 அளவில் சுங்கை ஊஜோங்குடன் இணைந்தது. கோலாலம்பூரை வளர்த்த யாப் ஆ லோய் தம் இளமையில் லுக்குட்டில் உழைத்தவர் என்பது பலர் அறியாத செய்தி. இன்று கோட்டை மேட்டில் புல்லும் சில கற்களுமே எஞ்சியுள்ளன.

சுங்கை ஊஜோங்கின் ஈயம் நெடுங்காலம் லிங்கி ஆற்றின் வழியே கடலை அடைந்தது. ஆற்றோரத் தலைவர்கள் வரி தண்டுவதும், அதனால் பூசல் மூள்வதும் வழக்கமாயிருந்தன. 1874இல் சுங்கை ஊஜோங் பிரித்தானியர் பாதுகாப்பின் கீழ் வந்தது. ஆற்றை நம்பாத ஒரு துறைமுகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆராங் தேர்ந்தெடுக்கப்பட்டது. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் செயலாளராயிருந்த சர் ஜான் பிரெடரிக் டிக்சன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இந்த டிக்சன் முன்பு இலங்கையில் ஆட்சிப் பணியாற்றியவர். பாளி மொழி கற்றுப் பௌத்த நூல்களை மொழிபெயர்த்த அறிஞர். அத்தகைய புலமையாளரின் பெயர் நீச்சலுடைக் கடைகளின் முகப்பில் இன்று விளங்குவதை எண்ணின் நகைப்புத் தோன்றும்.

1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தனியார் குழுமம் ஒன்று அமைத்த பாதை அது. 1908இல் ஐக்கிய மலாய் நாடுகளின் இரயில்வே அதனை வாங்கிக்கொண்டது. ரந்தாவுக்கு அருகிலுள்ள சிலியாவ் வழியாக அது கடலை நோக்கி ஓடியது. ஈயமும் காப்பியும், பின்னர் ரப்பரும் அதன் வழியே கப்பலேறின. லிங்கி ஆற்றுத் துறைகள் உறங்கிப் போயின. மலாயாவின் இருப்புப்பாதைகளைச் செப்பனிட்டுக் காத்த கூலிப்படையினருள் பெரும்பாலோர் தமிழர்; நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தோருள் யாழ்ப்பாணத் தமிழர் மிகுதி. தண்டவாளத்தில் கல் கொட்டியவனும் தமிழன். பயணச்சீட்டுக் கிழித்தவனும் தமிழன். ஆயினும் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி ரந்தாவ், சிலியாவ், லின்சம், சுவா பெத்தோங், தானா மேரா முதலிய தோட்டப் பகுதிகளைக் காண்போம். 1890களில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையை நிறைத்ததால் மலாயாக் காப்பி விலை வீழ்ந்தது. தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினர். 1910இல் ரப்பர் விலை விண்ணை முட்டியபோது தோட்டங்களுக்குக் கைகள் போதவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை அவ்வாண்டோடு ஒழிந்தது. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டி வரும் முறையே 1938இல் இந்திய அரசு தடை செய்யும் வரை நிலவியது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டத்தினர் கப்பலேறினர். ஏறத்தாழ ஒரு வாரம் கடலையே கண்டு வந்தவர்கள், லயத்தில் குடிபுகுந்த பின் மீண்டும் கடலைக் கண்டது எப்போது?

தோட்டத்து நாளை நினைவிற் கொண்டால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். விடிவதற்கு முன் மணி ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாய் நிற்பர். கிராணி பெயர் வாசிப்பார். தண்டல் பிரித்து அனுப்புவார். வெயில் ஏறினால் பால் உறையும் ஆதலின் இருள் பிரியுமுன்பே கத்தி மரத்தில் பட வேண்டும். நண்பகலுக்குமேல் பால் சேர்த்து, நிறுத்து, வாளி கழுவி வீடு திரும்ப வேண்டும். பெண்ணுக்கு அதன்பின் அடுப்பும் பிள்ளையும் காத்திருக்கும். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. மரம் வெட்டாத நாளுக்குக் கூலியில்லை. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவையும் குறைந்தன. ஓய்வு பற்றிய விதிகள் ஏட்டில் இல்லாமலில்லை. ஆனால் நாட்கூலிக்காரனுக்கு ஓய்வு நாள் என்பது கூலி இழந்த நாளே. தீபாவளிக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் அன்றி வேறு நாட்களில் அவன் மனமுவந்து கூலி இழக்க முன்வரவில்லை என்றால் அதில் வியப்பென்ன?

அதே காலத்தில்தான் போர்ட்டிக்சன் துரைமாரின் கடற்கரையாக உருப்பெற்றது. கோலாலம்பூர் அலுவலர்களும் தோட்ட நிருவாகிகளும் இரயிலிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் வந்து கடலாடினர். கரையோரம் பங்களாக்கள் எழுந்தன. 1920களில் பாய்மரப் படகுச் சங்கமும் தோன்றியது. பங்களாவில் சமைத்தவர் யார், சட்டை வெளுத்தவர் யார், தோட்டக்கால் பெருக்கியவர் யார் என்பவை பதிவேடுகளில் காணப்படா. 1933ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் 25 இளைஞர்களுடன் மலாய்ப் படைப்பிரிவு போர்ட்டிக்சனில் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை அவ்வூர் படைவீரர் ஊராகவும் விளங்குகிறது.

கடலுக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த தொலைவு கல்லாலும் மைலாலும் அளக்கத் தக்கதன்று. தொழிலாளி விரும்பியபடி வெளியிற் போய் வருவதே அன்று எளிதாயில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் இது விளங்கும். கூலி உயர்வோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். தன் மிதிவண்டியில் தானே அமர்ந்து செல்ல உரிமை கேட்டுப் போராடிய சமூகம், கடற்கரைக்கு இன்பச் செலவு போகாதது ஏன் என்று இன்றைய மாணவன் கேட்டால் இக்கோரிக்கைப் பட்டியலை அவனிடம் கொடுத்தாற் போதும்.

சப்பானியர் ஆட்சியில் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஆடவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரித்தானியப் படைகள் மலாயாவில் மீண்டும் இறங்கியபோது, மோரிப்பையும் போர்ட்டிக்சனையும் தேர்ந்தெடுத்தன. இறங்கிய படைப்பிரிவுகள் இரண்டும் இந்தியப் படைப்பிரிவுகள். மோரிப்பில் வண்டிகள் சேற்றில் புதைந்தன. சப்பான் முன்னரே சரணடைந்துவிட்டதால் எதிர்ப்போர் இல்லை. அமைதி திரும்பும் முன்பே அவசரகாலம் வந்தது. ஊரடங்கும் முள்வேலியும் சோதனைச் சாவடியும் தோட்டங்களைச் சூழ்ந்திருந்த 1950களில், போர்ட்டிக்சனில் 1952இல் படைக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது.

தமிழர்க்குக் கடற்கரை திறந்தது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேயே எனலாம். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1955இல் இயற்றப்பட்டு 1957இல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும், ஊதியத்துடன் கூடிய பொது விடுமுறைகளையும் ஆண்டு விடுப்பையும் உறுதி செய்தது. கூலி இழக்காமல் ஒரு நாள்! பிரான்சுத் தொழிலாளிக்கு 1936 எதுவோ, மலாயாத் தோட்டத் தமிழனுக்கு 1957 அதுவெனக் கூறுவது சற்று மிகையாகலாம். எனினும் ஒப்பீடு பிழையன்று. அதன்பின்னரே தோட்டத்து லாரியிலும் வாடகைப் பேருந்திலும் மக்கள் தெலுக் கெமாங் நோக்கிப் புறப்படும் காட்சி வழக்கமாயிற்று.

அப்பயணங்களின் இலக்கணம் அனைவரும் அறிந்ததே. இரவே புளிச்சோறு கிளறப்படும், கோழி பிரட்டப்படும். பாயும் தண்ணீர்ச் செம்பும் பின் இருக்கையில் ஏறும். முதியவர் ஒருவர் 'கடலை நம்பாதே' என்று எச்சரித்துக்கொண்டே முதலில் தண்ணீரில் இறங்குவார். பெண்கள் சேலையோடு முழங்கால் அளவு நீரில் கைகோத்து நிற்பர். கரையோர ஆலமரங்கள் நிழல் தரும். அவற்றின் விழுதுகளில் பிள்ளைகள் ஊஞ்சலாடுவர். இடங்களுக்குப் பெயர் சொல்வதும் தோட்டத்து வழக்கப்படி 'நாலாவது மைல்', 'எட்டாவது மைல்' என்றே. கிலோமீட்டர் வந்து பல்லாண்டுகளாகியும் மைல்கற்கள் நாவில் நிலைத்துவிட்டன.

தமிழர் அக்கடலை நாடியது விளையாட்டுக்காக மட்டுமன்று. மறைந்தோரின் சாம்பலைக் கரைக்கவும் அங்கேயே சென்றனர். காவிரியும் இராமேசுவரமும் எட்டாத் தொலைவில் இருந்தவர்க்கு மலாக்கா நீரிணையே புண்ணிய தீர்த்தமாயிற்று. வாழ்நாள் முழுதும் பால் வெட்டிய ஒரு பாட்டி, ஒருமுறையும் கடலாடாமல், இறுதியில் மண்கலயத்தில் கடலை அடைந்ததும் உண்டு. நெய்தல் நிலத்திற்கு முன்னோர் இரங்கல் என்று உரிப்பொருள் வகுத்ததை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பின்னைய வளர்ச்சியைச் சுருங்கக் கூறலாம். 1960களின் தொடக்கத்தில் இரு பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் போர்ட்டிக்சனில் அமைந்தன. 1972இல் அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. விடுதிகள் பெருகின, நீர்மேல் கால்நட்ட குடில்களும், வானிலிருந்து நோக்கினால் செம்பருத்திப் பூவாய்த் தோன்றும் விடுதியும் எழுந்தன. 1990களில் சிரம்பானிலிருந்து விரைவுச்சாலை வந்தது. 1997இன் நிதி நெருக்கடியில் பாதியில் நின்ற கட்டடங்கள் பல்லாண்டுகள் கடலைப் பார்த்தபடி எலும்புக்கூடுகளாய் நின்றன. இருப்புப்பாதையில் முதலில் பயணிகள் வண்டி நின்றது. பின்னர் எண்ணெய் வண்டியும் நின்றது.

கிரேக்கத்துத் தோலோவோடு போர்ட்டிக்சனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். அங்கு மீனவன் வீடே விடுதியாயிற்று. இங்கோ பெருவிடுதிகளைக் கட்டியது வெளியூர் முதல். மலாய் மீனவரின் சிறு படகுகள் விடுதிகளுக்கு இடையேயும் ஆற்றுமுகங்களிலும் ஒதுங்கி நிற்கின்றன. அவர்கள் பிடித்த மீன் சாலையோரக் கடையில் விலையாகிறது. அவர்கள் பெயர் வழிகாட்டி நூல்களில் இல்லை. ஆயினும் தெலுக் கெமாங் போன்ற பொதுக் கடற்கரைகள் கட்டணமின்றித் திறந்திருப்பது பெரும் பேறு. தோட்டத்தார் கூட்டமாய் வந்து பாய் விரிக்க முடிந்தது அதனாலேயே. மணலை வேலியிட்டு விற்கும் நாள் வந்தால் முதலில் வெளியேறுபவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சோங் துவான் முனை மட்டும் ஓரளவு பழமை மாறாதிருக்கிறது. நெகிரி செம்பிலான் நிலத்தால் சூழப்பட்டும் மலாக்கா மாநிலத்துக்கே உரிய காட்டுப்பகுதி அது. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் விளக்கு ஏற்றிய குன்றில், 1863இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1606 ஆகஸ்டில் அம்முனைக்கு எதிரே ஒல்லாந்தரும் போர்த்துகீசியரும் கடற்போர் புரிந்தனர். இரு தரப்பிலும் கப்பல்கள் எரிந்து மூழ்கின. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகள், களைத்த சிறகோடு முதலில் காணும் நிலம் இம்முனை. இயற்கை ஆர்வலர்கள் 2000ஆம் ஆண்டு முதல் அங்குக் கூடி அவற்றை எண்ணி வருகின்றனர். அவையும் ஒருவகையில் ரந்தாவ் வருவனவே. கடவுச்சீட்டு மட்டும் கேட்பாரில்லை.

இதற்கிடையே தோட்டங்களே மறையத் தொடங்கிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில இடங்களில் புதிய நகரங்களே எழுந்துவிட்டன. லயத்தை விட்டவர்கள் சிரம்பானின் அடுக்குமாடிகளிலும் தொழிற்பேட்டைகளிலும் சிதறினர். தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சியிருக்கும் ஊர்கள் நெகிரி செம்பிலானில் பல. 'கடற்கரையில் ஒரு நாள்' என்னும் தலைப்பில் அப்பள்ளிகளின் மாணவர் ஆண்டுதோறும் கட்டுரை வரைகின்றனர். அலைகள் தாலாட்டும், கதிரவன் பொற்றட்டாய் மறைவான், மணல்வீடு கட்டி மகிழ்ந்து, பிரிய மனமின்றி இல்லம் திரும்புவர். கட்டுரைக் கோவைகளில் படித்த சொற்றொடர்கள் எழுத்துப் பிசகாமல் வந்து அமரும். அக்கடற்கரைக்குப் பெயரில்லை. அது போர்ட்டிக்சன் என்றோ, அதற்கு இட்ட பாதையில் தன் பூட்டனார் கல் கொட்டியிருக்கலாம் என்றோ, அங்குச் செல்லக் கூலி இழக்காத ஒரு நாள் கிடைக்கத் தன் பாட்டி பல ஆண்டுகள் காத்திருந்தாள் என்றோ எந்த மாணவனும் எழுதுவதில்லை. எழுத வேண்டுமென்று அவனிடம் யாரும் சொன்னதுமில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் அவளிடமே கேட்கலாம். எந்த ஆண்டு முதலில் கடலைப் பார்த்தாய், யார் அழைத்துச் சென்றார், அன்றைக்குச் சம்பளம் பிடித்தார்களா என்னும் மூன்று வினாக்கள் போதும். பக்கம் நிறைந்துவிடும்.

விடுமுறை நாட்களில் ரந்தாவிலிருந்தும் சிலியாவிலிருந்தும் இன்றும் குடும்பங்கள் கடலை நோக்கிச் செல்கின்றன. இப்போது சொந்த வண்டிகளில். நெகிழிப் பெட்டிகளில் புளிச்சோறு இருக்கும். மாலையில் அலை பின்வாங்கும் நேரத்தில், ஈர உடையைப் பிழிந்துகொண்டு பிள்ளைகள் கரையேறுவர். அந்நேரத்தில்தான் மீனவர் இருவர் மூவராய் வந்து படகைத் தள்ளுவர். குளித்துக் களைத்த பிள்ளைகள் நின்று அதனை வேடிக்கை பார்ப்பதும், சில வேளைகளில் ஓடிச்சென்று தாமும் படகின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளுவதும் உண்டு.